கன்னி மூலை வூபர்

4 ஜனவரி 2009, ஞாயிறு

எல்லாமே நான் முன்கூட்டிச் சொன்னதுதான். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி போட்ட புதிதிலேயே சொன்னேன்: “பாருங்கப்பா, இந்தப் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் ஒரு நாள் இளைச்சு இளைச்சு ஒரே கம்பாயிடும்.” ஒருத்தனும் நம்பவில்லை. இன்றைக்கு அந்தக் கம்பு என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

என் பெண்டாட்டி இருளாயியின் தம்பி சிவக்குமார் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தான். கொண்டுவந்தது சவுண்ட் பார். டிவிக்குக் கீழே படுக்க வைக்கிற சாமான், முக்கால் ஆள் நீளம் இருக்கும். கூடவே கறுப்பாக ஒரு பெட்டி, குத்துச் சத்தத்துக்கென்றே. அதுதான் வூபர். திருச்சி ஏர்போர்ட்டில் அதிகாரிகள் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது யாருக்கு?” என்று கேட்டார்களாம். “பரவை கண்ணுச்சாமி மச்சானுக்கு” என்றானாம். உடனே அவர்களே திரும்ப ஒட்டிக் கொடுத்தார்களாம். ஒரு அதிகாரி சல்யூட் அடித்தார்.

இந்த டைரியும் சிவக்குமார் கொடுத்ததுதான், அவன் கம்பெனி பெயர் போட்டது. எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தினேன். பள்ளிக்கூடம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தது. ஆனால் எழுத்து முத்து மாதிரி இருக்கும். எழுதி வைப்போம். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா, இந்த ஜில்லாவில் முதல் சவுண்ட் பார் யார் வீட்டில் என்று?

5 ஜனவரி, திங்கள்

சிங்கப்பூர் பிளக்குக்குத் தட்டைப் பல். நம் வீட்டுச் சுவரில் உருண்டை ஓட்டை. இருளாயி பார்த்துவிட்டு, “பல்லைப் புடுங்கிருவோமா?” என்கிறாள்.

காளவாசல் போய் மாற்று பிளக் வாங்கி வந்தேன். கடைக்காரர் சவுண்ட் பாரைக் கண்ணால் பார்த்ததே இல்லையாம். அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் காபி வாங்கிக் கொடுத்தார்.

7 ஜனவரி, புதன்

சாமானை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் கருத்து வேற்றுமை. சவுண்ட் பார் டிவிக்குக் கீழே, அதில் தகராறு இல்லை. வூபர்தான் பிரச்சினை. என் மகள் கனகலட்சுமி, கூட வந்த புத்தகத்தை எழுத்துக் கூட்டாமல் இங்கிலீஷிலேயே படித்துவிட்டுச் சொல்கிறாள்.

“அப்பா, மூலையில வைக்கக் கூடாதாம். சுவரெல்லாம் ரொம்ப அதிருமாம்.”

“அதிரத்தான தாயி வாங்கியிருக்கோம்?”

கனமான சாமான் கன்னி மூலையில் இருக்க வேண்டும். தென்மேற்கு. பீரோ ஆனாலும் அங்கேதான், நெல் மூட்டை ஆனாலும் அங்கேதான். சிங்கப்பூர்க்காரனுக்கு இது தெரியாது, அது அவன் குற்றமில்லை. பீரோவை நகர்த்திவிட்டு வூபரைக் கன்னி மூலையில் சுவரோடு ஒட்டி வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டினேன்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் பேயாண்டியும் மதினி செல்லத்தாயும் இருக்கிற வீடு. எங்களைப் பெற்ற ஐயா கட்டியது ஒரே வீடுதான். அவர் போன பிறகு நடுவில் ஒற்றைக்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கினோம். அன்றிலிருந்து அவனும் நானும் பேசுவதில்லை. எதிரில் வந்தால் அவன் வானத்தைப் பார்ப்பான், நான் செருப்பைப் பார்ப்பேன்.

கேட்டால் கேட்கட்டும். சிங்கப்பூர் சத்தம் எப்படியிருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும்.

8 ஜனவரி, வியாழன்

சவுண்ட் பார் பாடுகிறது. வூபர் பாடவில்லை.

பார்க்க வந்த மார்க்கெட் ஆட்களிடம், “நல்ல வூபர்னா சத்தம் காதுக்குத் தெரியாதுப்பா. ஒடம்புக்குத்தான் தெரியும்” என்றேன். என் மண்டியில் எடை போடுகிற சோணை, நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தான்.

“லேசாத் தெரியுது மாமா.”

விசுவாசமான ஆள். பொங்கலுக்கு இவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

11 ஜனவரி, ஞாயிறு

இன்று வூபர் பாடியது!

கனகலட்சுமி கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் ஒயரைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பா, ஒயரை இயர்போன் ஓட்டையில சொருகி வச்சிருக்கீங்க” என்றாள். “நீ கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன்” என்றேன். அவள் பக்கத்து ஓட்டையில் மாற்றிச் சொருகினாள்.

சண்டைப் படம் ஒன்று போட்டோம். முதல் குத்து விழுந்தது. காலண்டர் விழுந்தது. பல்லி விழுந்தது. அடுப்படியில் இருளாயி கையிலிருந்து கரண்டி விழுந்தது. சத்தம் நாகமலையில் முட்டித் திரும்பி வந்து மறுபடி ஒரு தரம் குத்தியது. படத்தில் அடி வாங்கியவனைவிடப் பார்த்த நான்தான் அதிகம் அசந்து போனேன்.

“இதுக்குத்தான் இம்புட்டு நாள் பேசாம இருந்துச்சா?” என்கிறாள் இருளாயி.

நிறைகுடம் தளும்பாது. ஆனால் தளும்பினால் இப்படித்தான் தளும்பும்.

12 ஜனவரி, திங்கள்

சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். நாற்பது பேர். (இருளாயி ஆறு காபிதான் போட்டேன் என்கிறாள். மற்றவர்கள் காபி குடிக்காதவர்கள்.)

16 ஜனவரி, வெள்ளி

பொங்கல் முடிந்து சம்பந்தம் பேச வந்தார்கள். செக்கானூரணி கருத்தக்கண்ணன் குடும்பம். பையன் கோயம்புத்தூரில் மில் சூப்பர்வைசர். ஏற்கெனவே பெண் பார்த்தாயிற்று, போட்டோ கொடுத்தாயிற்று. கனகலட்சுமிக்கும் பிடித்துப் போயிற்று. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் செல்போனை இப்போதெல்லாம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள், எனக்குத் தெரியாதா?

வந்தவர்களை வூபருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் குத்துக் காட்சியைப் போட்டேன். கருத்தக்கண்ணன் கையிலிருந்த வெற்றிலை நழுவித் தரையில் விழுந்தது. மனுஷன் அசந்துவிட்டார். பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

“வீடு நல்லாருக்கு. சத்தமும் நல்லாருக்கு. பொண்ணு அதைவிட நல்லாருக்கு. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க அண்ணன் எங்க?”

“அவரு... வேலையா இருக்காரு.”

“பக்கத்து வீட்லதான?”

“பக்கத்து வீட்லதான் வேலை.”

அவர் சிரிக்கவில்லை. “பங்காளி ஒதுங்கி நிக்கிற வீட்ல நாங்க தட்டு மாத்துறதில்லங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வந்து முன்னாடி நிப்பா? மூத்தவர் கையால தட்டு வரணும். வந்தா, தை முடியுறதுக்குள்ள நிச்சயத்தை வச்சிருவோம். வரலைன்னா தப்பா நெனைக்காதீங்க, நாங்க வேற எடம் பாத்துக்கிடுறோம்.”

“அண்ணன் தானா வருவான்” என்றேன். “இந்தப் படியேறி, இந்த நாற்காலில ஒக்காந்து, தட்டை எடுப்பான். நான் சொன்னா நடக்கும்.”

“நடந்தாச் சரி” என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

அவர்கள் போன பிறகு கனகலட்சுமி டம்ளர் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். “நீங்க போயி பெரியப்பாவக் கூப்பிட மாட்டீங்களாப்பா?”

“அவனே வருவான்மா.”

“வரலைன்னா?”

நான் படத்தை மறுபடி போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

17 ஜனவரி, சனி

நான் எதுக்குப் போகணும்? சொல்லுங்க, எதுக்கு? யாரிடம் கேட்கிறேன் — டைரியிடம்தான்.

வீடு பிரித்த அன்று ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். என் மாமனார் இருக்கிறார். ஐயா சாகும்போது என்னிடம் என்ன சொன்னார் என்று நான் எடுத்துச் சொல்கிறேன். உருக்கமாகத்தான் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அப்போது அண்ணன் எழுந்தான். “எந்தம்பி சொல்றதுல முக்காவாசியக் கழிச்சுட்டு மிச்சத்தைக் கேளுங்க. அதுலயும் பாதிதான் நெசம்.”

சிரிச்சாங்க. அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. எம்மாமனாரும் சிரிச்சாரு. கண்ணத் தொடச்ச ரெண்டு பேரும் சேந்து சிரிச்சாங்க.

பொய்யா சொல்கிறேன் நான்? சோற்றுக்கு உப்புப் போட்டால் அது பொய்ச் சோறா? பேசியது அவன் வாய். அவன்தான் வர வேண்டும்.

18 ஜனவரி, ஞாயிறு

இருளாயி பேசவில்லை. கனகலட்சுமி பேசவில்லை. வூபர் மட்டும் பேசுகிறது.

20 ஜனவரி, செவ்வாய்

மண்டியில் சோணை ஓடி வந்தான். மூச்சு வாங்குகிறது.

“மாமா, சேதி தெரியுமா? பெரிய மாமா வீட்ல சாமிப் பெட்டி பேசுதாம்!”

“என்னடா சொல்ற?”

“சாயங்காலமானாப் பெட்டி மேல கெடக்குற சலங்கை தானாக் குலுங்குதாம். எங்கயோ தூரத்துல உறுமி அடிக்கிற மாதிரி வேற கேக்குதாம். செல்லத்தாயி அத்தை கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுது.”

எங்கள் குலசாமிப் பெட்டி அது. சாமியாடியின் கச்சையும் அரிவாளும் உள்ளே இருக்கும், சலங்கை மேலே கிடக்கும். சிவராத்திரிக்குக் கோயிலுக்குத் தூக்கிப் போய்த் திரும்பக் கொண்டுவருவோம். மற்ற நாளெல்லாம் ஐயா சுவரில் பதித்த பலகை மேல் இருக்கும். இடம் மாற்றக் கூடாது. வீடு பிரித்தபோதுகூட அந்தப் பலகையை அசைக்காமல் அதோடு சேர்த்துத்தான் நடுச்சுவரை எழுப்பினார்கள். பெட்டி மூத்தவன் பக்கம் போயிற்று. பலகையின் மறு முனை என் பக்கச் சுவரில்...

கன்னி மூலை.

எனக்கு வியர்த்துவிட்டது. “எல்லா நேரமும் குலுங்குதா?” என்று கேட்டேன்.

“அதான் மாமா ஆச்சரியம். கரண்ட் இருக்குற நேரத்துல மட்டுந்தான் சாமி வருதாம்.”

“சாமிக்கும் வெளிச்சம் வேணும்லடா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இருளாயியிடம் சொன்னேன். அவள் கன்னி மூலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏங்க, அது சாமியா, ஒங்க டப்பாவா?”

“ரெண்டுல ஒண்ணு.”

21 ஜனவரி, புதன்

அண்ணன் உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடாங்கியிடம் போயிருக்கிறான். “பிரிஞ்சது சேரணும்னு சாமி கேக்குது. மூத்தவன் எறங்கிப் போகணும்” என்று குறி வந்திருக்கிறது.

நான்தான் சொன்னேனே, தானாக வருவான் என்று! பதினாறாம் தேதியே சொல்லிவிட்டேன், மேலே எழுதியிருக்கிறது. கன்னி மூலையில் வூபரை வைத்தபோதே இதெல்லாம் என் கணக்கில் இருந்தது.

“ஊர்ல எந்தப் பங்காளி யார்கூடப் பேசலங்கறது கோடாங்கிக்குத் தெரியாமலா இருக்கும்?” என்கிறாள் இருளாயி. அவளுக்குப் பக்தி போதாது.

22 ஜனவரி, வியாழன்

இன்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். சண்டைப் படம் வேண்டாம் என்று திருவிழா உறுமி மேள சிடி வாங்கி வந்து போட்டேன். சாமிக்குப் பொருத்தமாக இருக்கட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மதினி செல்லத்தாய் குலவை போட்டது எனக்குக் கேட்டது. உடம்பு சிலிர்த்தது. இருளாயி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

“சாமி வெசயத்துல வெளையாடாதீங்க. பொம்பளப் பிள்ளை கல்யாணம் இருக்கு.”

“கல்யாணத்துக்குத்தான வெளையாடுறேன்?”

அவள் அழுதாள். நான் எதிர்பார்க்கவில்லை.

23 ஜனவரி, வெள்ளி

இன்று வூபர் போடவில்லை. அதற்கும் ஓய்வு வேண்டும்.

24 ஜனவரி, சனி

இன்றும் ஓய்வு. கரண்ட் இல்லை. (இருந்தது.)

கருத்தக்கண்ணன் போன் பண்ணினார். “என்ன சம்பந்தி, வந்துட்டாரா?” “கெளம்பிட்டாரு” என்றேன்.

25 ஜனவரி, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

26 ஜனவரி, திங்கள்

இன்றைக்கு எழுத இருக்கிறது! இந்தப் பக்கம் போதாது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். நான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் நிழல் தட்டியது. யார் என்று பார்த்தால் — அண்ணன்! தோளில் துண்டில்லை, இடுப்பில் கட்டியிருக்கிறான். சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி நிற்கிறான். வலது காலை வைத்து என் வீட்டுப் படியேறினான்.

“தம்பி...” என்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது.

நான் எழுந்தேன். வேறொருத்தனாக இருந்தால் பழையதைச் சொல்லிக் காட்டியிருப்பான். நான் அப்படிச் செய்யவில்லை. பெருந்தன்மை என்பது படித்து வருவதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “ஒக்காருண்ணே” என்றேன். காபி வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினான். “பிள்ளைக்கு நிச்சயமாமே. தட்டு நான் எடுக்கக் கூடாதா?” என்றான். “நீ எடுக்காம யாருண்ணே எடுப்பா?” என்றேன்.

தெருவே வாசலில் கூடிவிட்டது. யாரோ குலவை போட்டார்கள். வீதியில் போன பஸ்கூட நின்று போயிற்று.

கனகலட்சுமி ஓடி வந்து பெரியப்பா காலில் விழுந்தாள். அவன் தலையைத் தொட்டு, “எம்புட்டு ஒசரமாயிட்ட” என்றான். பக்கத்து வீட்டில்தான் இருந்தாள் அவள், தினமும் அவன் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போவாள்.

27 ஜனவரி, செவ்வாய்

மார்க்கெட் முழுக்க இதே பேச்சு. தக்காளி மண்டியில் கேட்டார்கள், சொன்னேன். முருங்கைக்காய் மண்டியில் கேட்டார்கள், சொன்னேன். வாழைக்காய் மண்டியில் கேட்கவில்லை, நானே போய்ச் சொன்னேன்.

“பெரியவரே மொதல்ல வந்தாரா?” என்று அத்தனை பேருக்கும் ஆச்சரியம்.

“அவனே வந்தான். நான் எழுந்திரிக்கக்கூட இல்ல.”

1 பிப்ரவரி, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. சிங்கம் போலத் தட்டெடுத்தான் எங்கண்ணன்!

காலையிலேயே மதினி வந்துவிட்டது. வந்ததும் அடுப்படியில் நுழைந்து, “என்னடி இருளாயி, உப்பு எங்க வச்சிருக்க? பழைய எடத்துல காணோம்?” என்று கேட்டது. இருளாயி ஒரு அதட்டல் போட்டாள். இரண்டு பேரும் பத்து மணிக்குள் ஒரு சண்டை போட்டு முடித்துச் சிரித்தும் விட்டார்கள். எங்களைவிட வேகம்.

அண்ணன் வந்து கன்னி மூலையில் வூபருக்கு முன்னால் நின்றான். சந்தனப் பொட்டைப் பார்த்தான். “இதுதானா அது?”

“இதுதாண்ணே.”

“சின்னதா இருக்கு.”

“சத்தம் பெருசுண்ணே.”

“ஒன்ன மாதிரி” என்றான். கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கே அதிசயமாக இருந்தது.

கருத்தக்கண்ணன் தட்டை நீட்ட அண்ணன் வாங்கினான். எங்கள் தட்டை அண்ணன் நீட்ட அவர் வாங்கினார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, சேலை எல்லாம் முறைப்படி. “மூத்தவர் சம்மதமா?” என்று முறைக்காகக் கேட்டார்கள். அண்ணன், “எங்க வீட்டுப் பிள்ளை. அவ கண்ணுல தண்ணி வந்தா நான் செக்கானூரணிக்கு நடந்தே வருவேன்” என்றான். கருத்தக்கண்ணன், “பஸ் இருக்கு சம்பந்தி” என்றார். வீடு அதிர்ந்தது. வூபர் போடாமலேயே.

கனகலட்சுமி பச்சைச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது? இந்த ஜில்லாவிலேயே — வேண்டாம். பார்த்தாள். அவ்வளவுதான்.

கல்யாணம் வைகாசியில்.

24 பிப்ரவரி, செவ்வாய்

சிவராத்திரி முடிந்து இன்று காலை பெட்டி வீடு திரும்பியது. போன வருஷம் வரை நான் கூட்டத்தின் வாலில் நடப்பேன். இந்த வருஷம் பெட்டி தூக்கிய அண்ணனுக்கு வலது பக்கம் குடை பிடித்து நடந்தது நான். தோள் வலிக்கிறது. குடை அம்புட்டுக் கனம்.

கோயில் மரத்தடியில் பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வீடு பிரித்த அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்களே, பெரும்பாலும் அதே ஆட்கள். கூட வந்திருந்த சோணை சும்மா இருக்கக் கூடாதா?

“ஏன் பெரிய மாமா, நீங்கதான் மொதல்ல படியேறிப் போனீங்களாம்ல? கண்ணுச்சாமி மாமா மண்டி மண்டியா சொல்லிக்கிட்டுத் திரியுது.”

எல்லாத் தலையும் அண்ணன் பக்கம் திரும்பியது. நான் எழுந்து செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அண்ணன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினான். நிதானமாக மடித்து வாயில் போட்டான்.

“ஆமா, நான்தான் போனேன். தம்பி நாற்காலியத் தொடச்சுப் போட்டான், காபி குடுத்தான். அவன் சொன்னது அம்புட்டும் நெசம்.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. “மூத்தவன்னா அப்பிடித்தாம்ப்பா எறங்கிப் போகணும்” என்று ஒரு பெரியவர் அவனைப் பாராட்டினார். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் ஊர் முன்னால் எனக்காக அப்படிச் சொல்லிவிட்டான். அதை ஊரில் நான் மாற்றப் போவதில்லை, மாற்றினால் அவன் சொன்னது பொய்யாகிவிடும். இங்கே மட்டும் சரியாக எழுதி வைக்கிறேன்.

நான் வூபரை நிறுத்தியதும் அந்தப் பக்கம் சலங்கையும் நின்றுபோயிற்று. அதை நான் யோசிக்கவில்லை. போன மாசம் இருபத்தாறாம் தேதி சாயங்காலம் கன்னி மூலையில் உட்கார்ந்து வூபருக்குத் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக்கல் சுவர், காதை வைத்தால் பேச்சுக் கேட்கும். அண்ணன் குரல். யாரிடமோ கெஞ்சுகிறான். மதினியிடம் கெஞ்சுகிற ஆள் இல்லை அவன்.

“ஐயா சாமி, ஏன் பேச மாட்டேங்குற? போகணும்னுதான் நெனைக்கிறேன். காலு வரமாட்டேங்குது. ஊர் முன்னாடி அப்பிடிப் பேசிப்புட்டு என்ன மொகத்தோட போவேன்? இன்னொரு தரம் குலுங்கு. போயிடுறேன்.”

ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உறுமி மேள சிடி உள்ளேயேதான் கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், அவனே வந்திருப்பான். நான் சொன்ன வாக்கு அச்சரம் பிசகாமல் பலித்திருக்கும். கையும் ஸ்விட்ச் வரை போயிற்று.

போடவில்லை. ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியவில்லை. சட்டைகூட மாட்டாமல் தெருவில் இறங்கி, அந்தப் பக்க வாசலுக்குப் போய் நின்றேன். கதவைத் திறந்த மதினி, “தம்பியா!” என்றது. உள்ளே அண்ணன் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, அது சாமி இல்லண்ணே. என் வூபரு. கன்னி மூலைல வச்சிருக்கேன்ல, அதுல பலகை அதிருது. மொதல்ல எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பெறகும் ஒரு நாள் போட்டேன். பிள்ளைக்காகத்தான் போட்டேன்.”

அவன் கையை நீட்டிப் பெட்டி மேல் கிடந்த சலங்கையைத் தொட்டுப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

“கோடாங்கி கையில இருக்குற உடுக்கை என்னடா? தோலும் கட்டையுந்தான?” என்றான். “அதுல வாரது இதுல வராதா?”

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, “சட்டையில்லாம வந்திருக்க. பனி எறங்குது. ஒக்காரு” என்று நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். மதினி காபி கொண்டுவந்தது. தட்டெடுக்க வா என்று நான் கூப்பிட்டேன். பிள்ளையைப் பார்க்க அவன் என் கூடவே கிளம்பி வந்தான்.

ஆக, நாற்காலி உண்டு, காபி உண்டு, தட்டுப் பேச்சு உண்டு. வீடுதான் மாறிவிட்டது. பஸ் நிற்கவில்லை.

பொலபொலவென்று கொட்டியதாக எழுதியிருக்கிறேனே, அதுவும் அவனில்லை.